பைக்காரி போகக் கூடாத வீடுகள்

என் தம்பியின் மூத்த மகளை வேலையிலிருந்து நீக்கிய கடிதத்தில் ஒரே ஒரு காரணம்தான் இருந்தது. போகக் கூடாத வீடுகளுக்குப் போனாள். அரசாங்க எழுத்து எனக்குப் பிடிபடாது என்பதால் அவளே படித்துக் காட்டினாள். படித்து முடித்து நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"திருடப் போனேனா அத்தை, திங்கப் போனேனா?" என்றாள்.

அன்றைக்கு எனக்கு ஏறிய கோபம் இன்னும் இறங்கவில்லை. இறங்கவும் வேண்டாம்.

அவளுக்கு நாற்பத்தாறு வயது. பதினான்கு வருடமாக ஒரே வேலை. கைக்குழந்தை வைத்திருக்கிற தாய்மார்களின் வீடு வீடாகப் போவது. எல்லாத் தாய்மார்களும் இல்லை. முதல் பிள்ளை பெற்றவள், அதுவும் சின்ன வயதில், துணைக்கு ஆள் இல்லாமல், அல்லது துணைக்கு இருக்கிறவனே கை நீட்டுகிறவனாக, அல்லது பெற்ற நாளிலிருந்து முகம் இறுகிப்போய் ஒரு வார்த்தை பேசாமல் கிடக்கிறவள். பிரசவ ஆஸ்பத்திரியிலேயே அப்படிப்பட்டவர்களைக் குறித்துக் கொடுத்துவிடுவார்கள். வாரத்துக்கு ஒரு தடவை இவள் போய்க் கதவைத் தட்ட வேண்டும். பிள்ளைக்கு இரண்டு வயது முடியும் வரைக்கும்.

தோளில் ஒரு பெரிய பை. அதில் ஒரு துணி விரிப்பு, குழந்தையைத் தொங்கவிட்டு எடை பார்க்கிற தராசு, அளவு நாடா, மர வளையங்கள், மூன்று படப் புத்தகம், கண்ணில்லாத ஒரு துணிப் பொம்மை. கண்ணை ஏதோ ஒரு வீட்டுப் பிள்ளை பிய்த்துத் தின்றுவிட்டது. பதினான்கு வருடம் அந்தப் பையைச் சுமந்ததில் வலது தோள் இடது தோளைவிட இரண்டு விரற்கடை கீழே இறங்கிவிட்டது. தெருப்பிள்ளைகள் வைத்த பெயர்தான் பைக்காரி. குடும்பத்திலும் அதுவே நிலைத்துவிட்டது. என் தங்கை மகன் கல்யாணத்தில் பந்தலில் நின்று யாரோ "பைக்காரி வந்தாச்சா?" என்று கேட்டதற்கு, பையே இல்லாமல் பட்டுச் சேலையில் இருந்தவள் "வந்தாச்சு" என்று பதில் சொன்னாள்.

அவள் வேலை செய்கிற விதத்தை நான் இரண்டு மூன்று தடவை கூடவே போய்ப் பார்த்திருக்கிறேன். குழந்தையை முதலில் பார்க்கவே மாட்டாள். தாயைத்தான் பார்ப்பாள். "நீ சாப்பிட்டியா?" அதுதான் முதல் கேள்வி. தாய் கட்டிலில் இருந்தால் இவள் தரையில் உட்காருவாள். குழந்தையைத் தூக்கவும் மாட்டாள்.

"ஏண்டி, ஆசைக்குக்கூட ஒரு தடவை தூக்க மாட்டியா?" என்று கேட்டேன்.

"நான் தூக்கினா அது என்னைப் பார்த்துச் சிரிக்கும் அத்தை. அது அவளைப் பார்த்துல்ல சிரிக்கணும்."

இதற்குப் படிப்பு வேண்டாம், பட்டம் வேண்டாம். ஆனால் இது இல்லாமல் எத்தனை பட்டம் இருந்தாலும் அந்த வீட்டுக்குள் உட்கார முடியாது.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வேலைக்குள்தான் ஆராய்ச்சி வந்தது. நான்கு வருடம் ஆகிறது. ஆராய்ச்சிக்குத் தலைவராக ஒருவர் வந்தார். ஒல்லியான ஆள், மெதுவாகப் பேசுவார், பேசும்போது பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டுவார். அவர் பெயர் எனக்கு வேண்டாம். நான் வைத்த பெயர் சீட்டு ஐயா. ஏன் என்று சொல்கிறேன்.

வீட்டுக்குப் போகிற பெண்கள் ஆறு பேரையும் உட்கார வைத்து அவர் சொன்னாராம்: "நீங்க வீட்டுக்குப் போறதால அந்தக் குழந்தைங்களுக்கு நல்லது நடக்குதுன்னு நீங்க சொல்றீங்க. நானும் நம்பறேன். மேல இருக்கறவங்க நம்பணுமே. அதை நிரூபிக்கணும்."

நிரூபிக்கிற வழி இதுதான். முந்நூறு தாய்மார்கள். கம்ப்யூட்டர் சீட்டு எடுக்கும். நூற்றைம்பது பேர் முதல் பட்டியல், அவர்கள் வீட்டுக்கு இவர்கள் போக வேண்டும். நூற்றைம்பது பேர் இரண்டாவது பட்டியல். அவர்களுக்கு ஒரு துண்டுப் பிரசுரம், ஆஸ்பத்திரி போன் நம்பர், அவ்வளவுதான். இவர்கள் போகக் கூடாது. போக மட்டுமல்ல, படியில் பார்த்தால் "நல்லா இருக்கீங்களா" என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பிறகு இரண்டு பட்டியல் வீடுகளுக்கும் வேறு பெண்கள் வந்து குழந்தையின் எடை, உயரம், எத்தனை சொல் பேசுகிறது, தாய் எத்தனை நாள் அழுதாள் என்று எழுபது கேள்வி கேட்டுக் குறித்துக்கொண்டு போவார்கள். அவர்கள் அளக்கிற பெண்கள். அவர்களுக்கும் வாய்ப்பூட்டுதான்.

ஆறு பேரில் மூத்தவள் பைக்காரி. அவள்தான் கேட்டாள்: "சார், ரெண்டாவது லிஸ்ட்ல இருக்கறவளுக்கு ரொம்ப முடியலைன்னா?"

"சீட்டுல யாருக்கு எது விழும்னு யாருக்கும் தெரியாதுங்க. அதுதான் நியாயம். நீங்க ஆறு பேர். முந்நூறு வீட்டுக்கும் உங்களால எப்படியும் போக முடியாது. ஆள் பார்த்து, சொந்தம் பார்த்து, யார் சத்தமா கேக்கறாங்கன்னு பார்த்துக் குடுக்கறதைவிடச் சீட்டு நல்லதில்லையா?"

இதில் தப்பு கண்டுபிடிக்க அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. தப்பு தெரியாத இடத்தில் வருகிற எரிச்சல்தான் பெரிய எரிச்சல்.

பஸ் டிப்போவுக்குப் பின்னால் நான்கு மாடிக் குடியிருப்பு ஒன்று. காரை பெயர்ந்த படிக்கட்டு, கைப்பிடிக் கம்பியில் துணி காயும், ஒவ்வொரு மாடியிலும் எதிரெதிராக இரண்டு கதவு. முதல் மாடியில் துணி தைக்கிற பெண் ஒருத்தி, முதல் பட்டியல். இரண்டாம் மாடியில் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி. புருஷன் லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் நான்கு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். அவள் இரண்டாவது பட்டியல். நான் மாடிப் பெண் என்றே சொல்கிறேன்.

பைக்காரி செவ்வாய்க்கிழமைதோறும் தையல்காரி வீட்டுக்கு வருவாள். வீட்டுக்குள் பாட்டும் சிரிப்பும் மர வளையச் சத்தமும் படிக்கட்டு வழியாக மேலே ஏறும். மாடிப் பெண் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். ஒரு செவ்வாய் கைக்குழந்தையோடு இறங்கி வந்து நடுப்படியில் நின்றாள்.

"அக்கா, கீழ் வீட்டுக்கு வாராவாரம் வர்றீங்க. எங்க வீட்டுக்கு எப்ப வருவீங்க?"

"உன் பேரு என் லிஸ்ட்ல இல்லம்மா."

"அப்ப யாரு லிஸ்ட்ல இருக்கு?"

பைக்காரி "ஆஸ்பத்திரி போன் நம்பர் குடுத்திருப்பாங்களே" என்று முனகிவிட்டு இறங்கிவிட்டாள்.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தாள். அடுத்த தெருதான் அவளுக்கு. தேநீர் போட்டுக் கொடுத்தேன். ஆடை கட்டுகிற வரைக்கும் டம்ளரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். விஷயத்தைச் சொன்னாள்.

"கம்ப்யூட்டர் சீட்டு எடுத்துச்சு. நீயா எடுத்த?" என்றேன். "சொன்னதைச் செய். பதினோரு வருஷ வேலை. எவளோ ஒருத்திக்காகக் கெடுத்துக்காத."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வை என்னை முப்பத்தைந்து வருடம் பின்னால் இழுத்துக்கொண்டு போனது.

"அன்னிக்கு எங்க அம்மா யாரு லிஸ்ட்ல இருந்தா அத்தை?"

இதைச் சொல்லாமல் இவளைப் பற்றிச் சொல்ல முடியாது, அதனால் சொல்கிறேன். என் தம்பி பெண்டாட்டிக்கும் எனக்கும் நான்கு வருடம் பேச்சு இல்லை. காரணம் எங்கள் அம்மா விட்டுப்போன ஒரு தையல் மிஷின். அது எனக்குத்தான் என்று நான், அவளுக்குத்தான் என்று அவள். அந்தச் சமயத்தில்தான் தம்பிக்கு இரண்டாவது பிள்ளை பிறந்தது, ஆண்பிள்ளை. பெற்றவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள், திரும்பவே இல்லை. தம்பிக்கு ஆலையில் இரண்டு ஷிப்ட். எட்டு வயது மூத்தவள்தான் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பால் கரைத்துப் புகட்டினாள். எத்தனை கரண்டிக்கு எத்தனை தண்ணீர் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? ஒரு நாள் அவள் பிள்ளையோடு என் வாசலுக்கு வந்தாள். "அத்தை, தம்பி அழவே மாட்டேங்குது" என்றாள். நான் அவள் கையில் ரொட்டி கொடுத்தேன். "சமத்துப் பிள்ளை, அழாதுடி" என்று சொல்லி அனுப்பினேன். இரண்டு தெரு. நான் நடக்கவில்லை. மிஷின் என் வீட்டு மூலையில் உறை போட்டு நின்றது.

ஐந்து மாதம் முடிகிற அன்று பிள்ளை போய்விட்டது. காய்ச்சல் என்றார்கள். நானும் காய்ச்சல் என்றே எல்லாருக்கும் சொன்னேன்.

அவள் அதை ஒரு நாளும் என்னிடம் கேட்டதில்லை. அன்றைக்குத்தான் கேட்டாள். நான் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய், கழுவின டம்ளரையே மறுபடி கழுவினேன்.

அதற்குப் பிறகும் அவள் உடனே போகவில்லை. விதியை மீறுகிற ஆள் இல்லை அவள். அடுத்த செவ்வாய் தையல்காரி வீட்டில் இருந்தபோது மேலே குழந்தை அழுவது கேட்டது. வெகு நேரம் அழுதது. அதற்கு அடுத்த செவ்வாய் கொஞ்ச நேரம் அழுதது. மூன்றாவது செவ்வாய் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதால்தான் ஏறினாள்.

தையல்காரியிடம் பையை வைத்துவிட்டு வெறுங்கையோடு ஏறினாள். ஆபீஸ் பொருளை அந்தப் பட்டியலுக்குத் தூக்கிக்கொண்டு போனால் தப்பு என்று ஒரு நினைப்பு. மீறுகிறதிலும் ஒரு ஒழுங்கு பார்க்கிற பிறவி.

மாடிப் பெண் கதவைத் திறந்தாள். தலை வாரி எத்தனை நாள் ஆகியிருக்குமோ. அறை இருட்டாக இருந்தது. குழந்தை ஒரு அட்டைப்பெட்டிக்குள் துணி விரித்துக் கிடந்தது. கண் திறந்திருந்தது, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. இவள் கை தட்டினாள், திரும்பவில்லை.

"ரொம்பச் சமத்துக்கா. அழவே மாட்டான்" என்றாள் மாடிப் பெண்.

அழுதால் யாரும் வர மாட்டார்கள் என்று தெரிந்துகொண்ட குழந்தைதான் அழாமல் இருக்கும். அது சமத்து இல்லை. அது கைவிட்டுவிட்டது.

"நீ அவன்கிட்ட பேசுவியா?"

"நாலு மாசப் பிள்ளைக்கு என்னக்கா புரியும்?"

"நீ சாப்பிட்டியா?"

அந்தப் பெண் அழ ஆரம்பித்தாள். அழட்டும் என்று விட்டாள் இவள். தாயின் அழுகை கேட்டு அட்டைப்பெட்டிக்குள் குழந்தையின் கால் ஒன்று அசைந்தது. "பாரு, உன் குரல் அவனுக்குத் தெரியுது. நீ என்ன சொன்னாலும் சரி, விலைவாசியைச் சொன்னாலும் சரி, அவன்கிட்டச் சொல்லு" என்றாள். மாடிப் பெண் மூக்கைச் சிந்திக்கொண்டு, என்ன சொல்வது என்று தெரியாமல், லாரிக்காரனைத் திட்ட ஆரம்பித்தாள். "உங்கப்பன் ஒரு போனும் பண்ணலைடா." குழந்தை திரும்பியது. தாயைப் பார்த்தது.

அதிலிருந்து செவ்வாய்தோறும் வேலை முடிந்த பிறகு, தன் சொந்த நேரத்தில். பை இல்லாததால் தன் வீட்டுச் சமையலறையிலிருந்து கிண்ணம், கரண்டி, மூடி இவற்றைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு போவாள். ஒரு வீடு மூன்றானது, மூன்று ஏழானது. ஆள் பார்த்துத்தான் போனாள், அடிபடுகிறவள், கதவைத் திறக்காதவள், குழந்தையைப் பார்க்கவே பயப்படுகிறவள். மற்றவர்களை விட்டுவிட்டாள். கடைசியில் பதினோரு வீடு. ஒரு நீள நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்தாள். எந்த வீட்டில் என்ன நடந்தது, யார் எங்கே அடித்தான், எவள் எதற்கு அழுதாள், எல்லாம். அந்த நோட்டு அவள் அரிசி டப்பாவுக்குள் இருந்தது.

அளக்கிற பெண்கள் வந்தால் கதவைத் திறக்க வேண்டும் என்றும் அவர்களுக்குச் சொல்லி வைத்தாள். "அது நல்ல பொண்ணு. பயப்படாத. கேக்கறதுக்கு உள்ளதைச் சொல்லு." பாருங்கள், அந்த ஆராய்ச்சியைக் கெடுக்கிறவளே அதற்கு வாசல் திறந்துவிட்டுக்கொண்டும் இருந்தாள்.

மூன்று வருடம் ஓடியது. முடிவு சொல்கிற நாள் வந்தது. நீளமேசை, இரும்பு நாற்காலிகள், சுவரில் வெளிச்சம் போட்டுப் படம் காட்டினார்கள். ஆறு பெண்களும் ஒரு பக்கம். எதிரே சீட்டு ஐயா, அளக்கிற பெண்கள், மேற்பார்வை அம்மா, பிறகு மேலிடத்திலிருந்து வந்த ஒரு அதிகாரி. அவர் வந்ததிலிருந்து கடிகாரத்தைத்தான் பார்த்தாராம்.

"ரெண்டு கோடு போட்டுக் காட்டினாரு அத்தை. ஒண்ணு முதல் லிஸ்ட், ஒண்ணு ரெண்டாவது. ரெண்டும் கல்யாணமான புதுசுல புருஷன் பொண்டாட்டி போற மாதிரி ஒட்டிக்கிட்டே போச்சு."

சீட்டு ஐயாவின் முகம் சாவு வீட்டு முகம். "ரெண்டு பட்டியல் குழந்தைங்களும் நல்லா வந்திருக்காங்க. வித்தியாசம்னு சொல்ல எதுவும் இல்ல. வீட்டுக்குப் போனதால தனியா ஒரு பலன் இருக்குன்னு என்னால காட்ட முடியல."

அதிகாரி கோப்பை மூடினார். "அப்ப இந்த மாசத்தோட முடிச்சுக்கலாம். இந்த ஆறு பேரையும் வேற வேலைக்கு மாத்திடுங்க."

முடிச்சுக்கலாம். பதினான்கு வருடம், எத்தனை நூறு வீடு, காபி குடித்த டம்ளரைத் தள்ளி வைப்பது போல அந்த ஒரு சொல். பைக்காரி பக்கத்தில் இருந்த ஐந்து பேரையும் பார்த்தாள். ஐந்து பேரும் தங்கள் தங்கள் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

எழுந்து நின்றாள்.

"சார், ரெண்டாவது லிஸ்ட்ல பதினோரு வீட்டுக்கு நான் போயிருக்கேன். ரெண்டரை வருஷமா."

பேனா மூடி மேசையில் உருண்ட சத்தம் கேட்டதாம். பிறகு பக்கத்திலிருந்து இன்னொரு குரல்: "நான் ஒன்பது." அடுத்தது ஏழு. அடுத்தது ஆறு. அடுத்தவள் உட்கார்ந்தபடியே ஐந்து விரலைக் காட்டினாள். ஆறாவது ஒருத்தி, விதி விதி என்று மற்றவர்கள் உயிரை எடுத்தவள், அவளுக்குப் பட்டப்பெயரே ரூல்ஸ். அவள் கடைசியாக எழுந்தாள்.

"மூணே மூணு சார். அதுவும் மழை நாள்ல மட்டும்தான்."

நாற்பத்தொன்று. ஒவ்வொருத்தியும் தான் ஒருத்திதான் கள்ளி என்று நினைத்து மூன்று வருடம் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறாள். ஒருத்திக்கொருத்தி சொல்லியிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். அதுவும் சாதாரண நாற்பத்தொன்றா? அந்த நூற்றைம்பதில் ஆக அடியில் கிடந்த நாற்பத்தொன்று. தூக்கி நிறுத்தினால் கோடு மேலே ஏறாமல் என்ன செய்யும்?

சீட்டு ஐயா சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை.

"மூணு வருஷம். முந்நூறு குடும்பம். எல்லாம் வீணாயிடுச்சு" என்றார்.

"எது சார் வீணு?" என்றாள் பைக்காரி. "டிப்போ பின்னாடி ஒரு பையன் அட்டைப்பெட்டியில கிடந்தான். கூப்பிட்டாத் திரும்ப மாட்டான். இன்னிக்கு என்னைப் பார்த்தா 'போ'ன்னு சொல்லிக் கதவைச் சாத்தறான். அது வீணா?"

"அதை என்னால எழுத முடியாதுங்க. நீங்க போகாம இருந்திருந்தா, கோடு ரெண்டும் பிரிஞ்சிருக்கும். அதை இந்த ஆபீசர் கையில குடுத்திருப்பேன். இன்னும் ஆயிரம் வீட்டுக்கு ஆள் போயிருக்கும். அந்த ஆயிரம் வீட்டுலயும் பெட்டிக்குள்ள பிள்ளைங்க இருக்கு."

அவள் உட்கார்ந்துவிட்டாள்.

அன்று என் வீட்டுக்கு வந்துதான் அதைச் சொன்னாள். "அந்த ஆளு சொல்றது பொய்யா இருந்தா திட்டிட்டு வந்திருப்பேன் அத்தை. சரியா இருக்கே. அதான் எரியுது."

பத்து நாளில் கடிதம் வந்தது. அவளுக்கு மட்டும். மூத்தவள், முதலில் எழுந்தவள். மற்ற ஐந்து பேருக்கும் எச்சரிக்கை. அந்த ஐந்து பேரும் சேர்ந்து ஒரு மனு எழுதிப் போடக்கூடாதா? கையெழுத்துப் போட்டால் எங்கே தங்கள் வேலையும் போய்விடுமோ என்று பயம். வீட்டுக்கு வந்து அழுதுவிட்டுப் போனார்கள். அழுதவர்களுக்கும் இவள்தான் தேநீர் போட்டுக் கொடுத்தாள். ரூல்ஸ் மட்டும் வரவில்லை. மனுவை அவள் தனியாக எழுதி, தனியாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாள் என்று பிறகு தெரிந்தது. அதுவும் குப்பைக் கூடைக்குத்தான் போயிருக்கும்.

ஒரு வாரம் கழித்துச் சீட்டு ஐயா பைக்காரி வீட்டுக்கே வந்தார். கூட அளக்கிற பெண் ஒருத்தி. நான் அப்போது அங்கே இருந்தேன். எழுந்து போகச் சொன்னாலும் போகிற உத்தேசம் இல்லை.

"நீங்க நோட்டு வச்சிருக்கீங்கன்னு சொன்னாங்க. எந்த வீட்டுக்கு எத்தனை தடவை போனீங்கன்னு தேதி தெரிஞ்சா, 'பலன் இல்ல'ன்னு இருக்கற முடிவை 'தெரியல'ன்னு மாத்த முடியும். தெரியலைன்னா மூட முடியாது. திரும்ப ஒரு தடவை செஞ்சு பார்க்கணும்."

எனக்குப் பொறுக்கவில்லை. "தெரியலைன்னு எழுதறதுக்கு மூணு வருஷமா ஐயா? என்கிட்ட கேட்டிருந்தா முதல் நாளே சொல்லியிருப்பேனே, எனக்கும் தெரியாதுன்னு."

அவர் சிரிக்கவில்லை. "இல்லம்மா. எனக்கும் கோபம்தான். ஆனா வேற வழி எனக்குத் தெரியல" என்றார்.

அளக்கிற பெண் அதுவரை தலையைக் குனிந்தபடி இருந்தாள். "அக்கா, எனக்கு ரெண்டு வருஷமாத் தெரியும்" என்றாள் திடீரென்று. "ரெண்டாவது லிஸ்ட் வீட்டுல தட்டினா, 'பைக்கார அக்கா சொன்னாங்க, வாங்க'ன்னு கூப்பிட்டு உட்கார வச்சாங்க. நான் யார்கிட்டயும் சொல்லல."

சீட்டு ஐயா அவளைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. பாவம், அவர் ஆராய்ச்சியில் அவர் ஒருவருக்கு மட்டும்தான் விஷயம் தெரியாது.

பைக்காரி அரிசி டப்பாவிலிருந்து நோட்டை எடுத்தாள். மடியில் வைத்துக்கொண்டாள். கொடுக்கவில்லை.

"இதுல அவளுங்க சொன்ன வீட்டு விஷயமெல்லாம் இருக்கு. நோட்டு கை மாறாது. தேதி மட்டும் நான் படிக்கிறேன், இந்தப் பொண்ணு எழுதிக்கட்டும். ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு."

"சொல்லுங்க."

"திரும்பச் செஞ்சா, திரும்பவும் சீட்டுதானே? திரும்பவும் ஒருத்தி படியில நின்னு 'எப்ப வருவீங்க'ன்னு கேப்பா. 'உன் பேரு இல்ல'ன்னு சொல்லச் சொல்லாதீங்க. அதைச் சொல்ல ஒருத்தியாலயும் முடியாது. சொன்னா திரும்பவும் திருட்டுத்தனமாப் போவாளுங்க. ஒரு தேதி குடுங்க. ரெண்டாவது லிஸ்ட்னா, அப்புறம் வருவாங்கன்னு இருக்கட்டும். வரவே மாட்டாங்கன்னு இருக்கக் கூடாது."

அவர் யோசித்தார். பேனா மூடி மூன்று தடவை கழன்று மாட்டியது. "காத்திருக்கற பட்டியல். செய்யலாம். ஆறு மாசம் கழிச்சுப் போகலாம். அதுக்குள்ள ரெண்டு தடவை அளந்துடலாம்."

"ஆறு மாசமா?"

"அது குறைவுதாங்க. அதுக்கும் கீழ போனா வித்தியாசம் தெரியாது."

"சார், என் தம்பி அஞ்சு மாசம்தான் இருந்தான்."

அவள் என்னைப் பார்க்கவில்லை. நான் சுவரைப் பார்த்தேன்.

"நாலு மாசம்" என்றார் சீட்டு ஐயா கடைசியில். "ஒரு தடவைதான் அளக்க முடியும். எனக்கு ரொம்பக் கஷ்டம். பரவாயில்ல. எழுதித் தர்றேன்."

எழுதிக் கொடுத்தார். அந்தக் காகிதத்தையும் அவளிடம் படிக்கச் சொல்லிக் கேட்டேன், எதற்கும் இருக்கட்டும் என்று. பிறகு மூன்று மத்தியானம் அவள் நோட்டைப் பார்த்துத் தேதி படித்தாள், அளக்கிற பெண் எழுதிக்கொண்டாள். நடுநடுவே சில பக்கம் வரும்போது இவள் நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் பார்ப்பாள். அந்தப் பெண்ணும் பேனாவை வைத்துவிட்டுக் காத்திருப்பாள்.

மூடவில்லை. 'தெரியவில்லை' என்ற சொல்லுக்கு அவ்வளவு மரியாதை. திரும்ப ஆரம்பித்துவிட்டார்கள். புது முந்நூறு, புதுச் சீட்டு. பழைய ஐந்து பேரும் இருக்கிறார்கள், இவள் இடத்துக்குப் புதிதாக ஒருத்தி. இவளுக்கு வேலை திரும்பக் கிடைக்கவில்லை. ஆராய்ச்சி முடிகிற வரைக்கும் அந்த வீடுகளின் வாசலை மிதிக்க மாட்டேன் என்று கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். வழி சொன்னவளை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டு, அவள் சொன்ன வழியில் அவர்கள் போகிறார்கள். இதற்குக் கோபம் வராமல் வேறெதற்கு வரும்?

இப்போது அவள் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் விரிப்பு மடிக்கிறாள். நின்றுகொண்டே வேலை. பை இல்லை, ஆனாலும் தோள் இறங்கியதுதான், ஏறவில்லை.

டிப்போ பின்னால் அதே குடியிருப்பில், மூன்றாம் மாடியில், ஒரு புதுப் பெண் கைக்குழந்தையோடு வந்திருக்கிறாள். இரண்டாவது பட்டியல். நம் மாடிப் பெண்தான் ஓடி வந்து சொன்னாள், அவளுடைய அட்டைப்பெட்டிப் பையன் காலைக் கட்டிக்கொண்டு நின்றான். அந்தப் புதுப் பெண்ணின் கதவுக்கு உட்புறம் ஒரு அட்டை ஒட்டியிருக்கிறதாம், எந்தத் தேதியில் ஆள் வரும் என்று.

"நான் எந்தக் காகிதத்துலயும் கையெழுத்துப் போடல" என்றேன் பைக்காரியிடம். "நான் போறேன். முட்டி வலிச்சாலும் மூணு மாடி ஏறிடுவேன்."

அவள் என் மேல் பாய்ந்தாள். "எங்க போற? மறுபடியும் கெடுக்கப் போறியா? இந்தத் தடவையும் கோடு ஒட்டிக்கிச்சுன்னா ஒரேயடியா மூடிடுவாங்க. பேசாம இரு அத்தை."

முப்பத்தெட்டு வருடம் முன்னால் போயிருக்க வேண்டியவளை இப்போது போகாதே என்று தடுக்கிறாள். சொல்வதும் சரியாகத்தான் இருக்கிறது. இந்தச் சரியைக் கொண்டுபோய் நான் எங்கே கொட்டுவது?

அவள் மட்டும் சும்மா இருக்கிறாளா என்றால், இல்லை. சலவைக்கூடத்திலிருந்து வரும்போது தினமும் அந்தக் குடியிருப்பு வழியாகத்தான் வருகிறாள், அது சுற்று வழி. படிக்கட்டின் அடியில், முதல் படியை மிதிக்காமல், கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நானும் இப்போது கூடப் போய் நிற்கிறேன். மேலே அந்தக் குழந்தை அழுகிற சத்தம் கேட்கிற வரைக்கும் நிற்போம்.

"அழுவுதா?" என்று நான் கேட்பேன். எனக்குக் காது அவ்வளவு கேட்காது.

"அழுவுது அத்தை. நல்லா அழுவுது. அழற வரைக்கும் பரவாயில்ல."

அழுகை நின்றுபோனால் என்ன செய்வாய் என்று நான் கேட்கவில்லை. கம்பியைப் பிடித்திருக்கிற அவள் கையைப் பார்த்தாலே தெரிகிறது.

அந்த அட்டைத் தேதிக்கு இன்னும் ஐம்பத்து மூன்று நாள் இருக்கிறது. நேற்று அழுதது.